வீட்டுக்குள் வந்த மின் நிலையம்: பழுது நேர்ந்தால் துண்டிப்பது யார்?



செமினி வட்டாரத்துத் தாமான்களில் இப்போது கூரைக்குக் கூரை சூரியத் தகடு தெரிகிறது. ரிஞ்சிங் பக்கம் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையுமாக இருந்த நிலத்தில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்துவிட்டன. அந்த வீடுகளில் குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நண்பகல் வெயில் கொளுத்துகிறது, கூரையில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் போட்டு வாங்கிய தகடுகள் பளபளக்கின்றன, ஆனால் தெனாகாவின் மின்சாரம் போனால் அடுத்த வீட்டைப் போலவே இந்த வீடும் இருண்டு போகிறது. சூரியன் வேலை செய்யும்போது இன்வெர்ட்டர் ஏன் வேலை செய்யவில்லை? விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை. அது திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு. தெருவில் மின்சாரம் நின்ற 2 வினாடிக்குள் கூரையின் இன்வெர்ட்டர் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது அனைத்துலக விதி. காரணம், மின்கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியர். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி அவர் கை வைக்கிறார். அந்த நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து மின்சாரம் எதிர்த் திசையில் போனால், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அதை 230 வோல்ட்டிலிருந்து 11,000 வோல்ட்டாக உயர்த்தி மேல் கம்பிக்கு அனுப்பிவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல் எது, கீழ் எது என்ற பாகுபாடு கிடையாது. ஜெனரேட்டரை வாங்கி வந்து, இருபுறமும் ஆண் பிளக் போட்ட கம்பியால் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் விளக்கேற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அவர்கள் செய்வதும் இதையேதான். ஒரே வித்தியாசம், அங்கே தானாகத் துண்டிக்கும் கருவி எதுவும் இல்லை.

இப்போது அடுத்த கட்டம் வந்திருக்கிறது. மின்கலம், அதாவது பேட்டரி, விலை இறங்கிவிட்டது. தெனாகா மின்சாரம் போனவுடன் தெருவிலிருந்து விலகிக்கொண்டு வீட்டை மட்டும் தனியாக ஓட்டும் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. அந்த நிமிடத்தில் வீடு ஒரு சின்ன மின்வலை ஆகிவிடுகிறது. மின் நிலையமும் அதுவே, மின் விநியோகமும் அதுவே. அப்படியானால் மின்பழுது நேரும்போது அதைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் பொறுப்பும் அதற்கே வந்து சேருகிறது. இந்தப் பொறுப்பைப் பற்றி விளம்பரங்களில் ஒரு வரி கூட இருப்பதில்லை.

தனி இஞ்சின் காலம்

சிறு மின்வலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் மலேசியாவின் மின்சார வரலாறே அதில்தான் தொடங்குகிறது. 1894இல் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ஒரு ஜெனரேட்டரை நிறுவினார்கள். பத்துமலைக் கோயிலோடு நாம் நினைவுகூரும் அதே தம்புசாமி பிள்ளைதான். 1900இல் ரவூப் தங்கச் சுரங்க நிறுவனம் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டியது. ஒவ்வொன்றும் தனித் தீவு. மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்து, பின்னர் தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனலாக மாறிய நெடுங்கதை, இந்தத் தீவுகளையெல்லாம் ஒரே வலையில் கோத்த கதைதான்.

தோட்டங்கள் அந்த வலைக்குள் கடைசியாக வந்தவை. பல தோட்டங்களில் தனி இஞ்சின் ஓடியது. மாலையில் லயத்து வீடுகளில் விளக்கு எரியும், இரவில் குறித்த நேரத்தில் இஞ்சின் நிற்கும். அங்கே பழுதைக் கண்டுபிடிக்கும் கருவி என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இஞ்சின்காரரின் காதுதான் கருவி. இஞ்சின் முனகும் சத்தம் மாறினால் எங்கோ ஏதோ நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். பியூஸ் கட்டையில் கம்பி எரிந்துபோனால், அதைவிடத் தடித்த கம்பியைச் சுற்றி "இனி எரியாது" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எரிவதற்காகவே வைக்கப்பட்ட கம்பி அது என்பதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இன்று திரும்பவும் சிறு மின்வலைகளை நோக்கி உலகம் போவதற்குக் காரணம் உண்டு. 1996 ஆகஸ்டு 3ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்டது. 2005 ஜனவரி 13ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் இருண்டன. எங்கோ ஓரிடத்தில் ஏற்படும் கோளாறு, எல்லாரையும் ஒன்றாகக் கோத்திருக்கும் வலையில் எல்லாரையும் பிடித்து இழுக்கும். ஆகவே தனியாக நிற்கும் வலிமை வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் பெரிய வலை நமக்குச் சத்தமில்லாமல் செய்து வந்த ஓர் உதவியும் அதோடு போய்விடுகிறது.

பலம் இருந்தால்தான் பாதுகாப்பு

அந்த உதவி என்ன? கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். பெரிய வலையில் ஷார்ட் ஏற்பட்டால் பாயும் மின்னோட்டம் மிக மிகப் பெரியது. அந்தப் பெருக்குத்தான் நம் பாதுகாப்பு.

ஒரு கணக்குப் பார்ப்போம். வீட்டில் உயிர்க்கம்பியும் நடுநிலைக் கம்பியும் தொட்டுக்கொள்கின்றன. மின்நிலையத்திலிருந்து அந்த இடம் வரை வழியிலுள்ள தடை மொத்தமும் அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை அரையால் வகுத்தால் 460 ஆம்பியர். சுவரில் இருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்சுக்குள் ஒரு காந்தச் சுருள் இருக்கிறது. நம் நாட்டில் பரவலாக உள்ள 'சி' வகையில், அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 160 முதல் 320 ஆம்பியர் வரை வந்தால் அந்தச் சுருள் உடனே இழுத்துத் துண்டித்துவிடும். 460 வருகிறது. கண்ணிமைப்பதற்குள் முடிந்தது.

அதே வீடு இப்போது பேட்டரியில் ஓடுகிறது. இன்வெர்ட்டர் 5 கிலோ வோல்ட்-ஆம்பியர் அளவு. அதன் முழு மின்னோட்டமே சுமார் 22 ஆம்பியர்தான். அதற்குள் இருப்பவை மின்னணுச் சில்லுகள். அவற்றால் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தாங்க முடியாது. அதனால் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதபடி தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஷார்ட் ஏற்பட்ட இடத்திலும் 33 ஆம்பியர்தான் பாயும். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் அது துண்டிக்காமல் இருக்கலாம் என்றுதான் தரவிதியே சொல்கிறது. சமையலறையில் கேத்தலும் ஏர்கோண்டும் ஒன்றாக ஓடுகின்றன என்று அது நினைத்துக்கொள்ளும்.

வாடகைக்குக் கிடைக்கும் சிறு ஜெனரேட்டர்களும் ஏறக்குறைய இப்படித்தான். ஷார்ட் ஆன முதல் கணத்தில் ஓர் உதை கொடுக்கும். அதன் பிறகு வோல்ட் விழுந்து, மின்னோட்டமும் விழுந்துவிடும். பெரிய வலையில் பழுது கூச்சல் போடுகிறது. சின்ன வலையில் அது முணுமுணுக்கிறது. கூச்சலைக் கேட்பதற்காகச் செய்த காதுக்கு முணுமுணுப்பு எட்டுவதில்லை. சிறு மின்வலைப் பாதுகாப்பின் முழுச் சிக்கலும் இதுதான்.

நல்ல இன்வெர்ட்டராக இருந்தால் வோல்ட் விழுந்ததை உணர்ந்து தானாகவே நின்றுவிடும். ஒரே வீடு என்றால் அது போதும். நூறு வீட்டுக்கு ஓர் இன்வெர்ட்டர் என்றால்? யாரோ ஒருவர் வீட்டு இஸ்திரிப்பெட்டியின் கம்பி தேய்ந்ததற்காக ஊரே இருட்டில் உட்கார வேண்டும். எந்த வீடு என்றும் தெரியாது. மூன்று முறை இப்படி நடந்தால் நான்காம் முறை யாராவது ஒருவர் பாதுகாப்புச் சுவிட்சைக் கட்டிப்போட்டுவிடுவார்.

மாலைப் பெரட்டு எடுக்கும் கருவி

முணுமுணுப்பையும் கேட்கும் கருவி ஒன்று நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இ.எல்.சி.பி. என்று நாம் அழைக்கும் அந்தப் பெட்டியைப் புரிந்துகொள்ளத் தோட்டத்துப் பெரட்டுக் களம் போதும். காலையில் இத்தனை பேர் வேலைக்காட்டுக்குப் போனார்கள் என்று கங்காணிக்குத் தெரியும். மாலையில் அத்தனை பேரும் திரும்பினார்களா என்று எண்ணுகிறார். ஒரு தலை குறைந்தாலும் வேலை நிற்கும். இ.எல்.சி.பி.யும் அப்படித்தான். உயிர்க்கம்பியில் போன மின்னோட்டம் நடுநிலைக் கம்பியில் அப்படியே திரும்புகிறதா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது ஒருவரின் உடல் வழியாக மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு துண்டித்துவிடுகிறது. பெரிய மின்னோட்டம் அதற்குத் தேவையில்லை. அதனால் சிறு மின்வலைக்கு இதைவிடப் பொருத்தமான காவலாளி இல்லை.

மலேசியாவில் இது விருப்பத்துக்கு விட்ட பொருளல்ல. 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர், தரை ஈரமாக இருக்கும் குளியலறை போன்ற இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் என்று அளவும் வகுத்துள்ளன. நம் வீடுகளில் நில இணைப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக, வாசலோரம் மண்ணில் அடித்த செப்புக் கம்பி வழியாகத்தான் இருக்கிறது. அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 10 ஓம் தடை இருந்தால், உயிர்க்கம்பி துணி துவைக்கும் இயந்திரத்தின் உடலைத் தொட்டாலும் 23 ஆம்பியருக்கு மேல் மண்ணுக்குள் போகாது. 32 ஆம்பியர் எம்.சி.பி. சும்மா இருக்கும். இயந்திரத்தைத் தொட்டவர் இறந்துபோவார். தெனாகாவின் பெரிய வலை இருக்கும்போதே, மண்ணோடு சேரும் பழுதுக்கு இ.எல்.சி.பி.யை விட்டால் வேறு நாதி இல்லை.

ஆனாலும் அதை வயர் போட்டுக் கடந்து செல்லும் வீடுகள் உண்டு. இதற்காக அவர்களைத் திட்டுவது எளிது. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இடி இடிக்கும் பள்ளத்தாக்கு இது. இடி இடித்தால் இ.எல்.சி.பி. விழுகிறது. பெருநாளைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் குளிர்பெட்டியில் இருந்ததெல்லாம் அழுகிக் கிடக்கிறது. வந்து பார்த்த வயர்மேன் "இனி விழாது" என்று எதையோ செய்துவிட்டுப் போகிறார். குளிர்பெட்டிக்குத் தனி இ.எல்.சி.பி. வைத்துக் கொடுத்தால், மின்னல் தடுப்பான் ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை தீரும். அதற்கு ஆகும் செலவு ஒரு குளிர்பெட்டிச் சாமான் செலவைவிட அதிகமில்லை.

கங்காணி எண்ணியும் பயனில்லாத இடம்

சிறு மின்வலையில் இந்தக் காவலாளியும் ஏமாறக்கூடிய ஓர் இடம் உண்டு. நம் சமூகத்துக்கு மிகவும் பழக்கமான இடம் அது: கோயில் திருவிழா, கல்யாணக் கூடாரம், துக்க வீடு, பாசார் மாலாம். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கம்பிகள் புல் மேல் கிடக்கும். ஈரத்தில் கிடக்கும். வெறுங்காலோடு மக்கள் நடப்பார்கள்.

தெனாகாவின் டிரான்ஸ்ஃபார்மரில் நடுநிலைக் கம்பி மண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் மண்ணுக்குள் போன மின்னோட்டத்துக்குத் திரும்பி வர ஒரு பாதை இருக்கிறது. சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் அந்தப் பிணைப்பு கிடையாது. நடுநிலை மிதந்துகொண்டிருக்கும். மண்ணுக்குப் போக வழியில்லாததால் முதல் பழுது யாரையும் தாக்காது, இ.எல்.சி.பி.யும் அசையாது. ஓர் ஒலிபெருக்கிச் சட்டத்தில் உயிர்க்கம்பி உரசிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. பிறகு நான்கு கூடாரம் தள்ளி மற்றொரு கம்பியின் தோல் கிழிந்து இரும்புத் தூணைத் தொடுகிறது. இப்போது மண்ணே ஒரு கம்பி ஆகிவிட்டது. ஒலிபெருக்கியைத் தொடுபவரும் கூடாரத் தூணைப் பிடித்து நிற்பவரும் அதன் வழியில் நிற்கிறார்கள்.

இதற்கு மருந்து உண்டு. தெனாகா இணைப்போடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனியாக ஓடும் ஜெனரேட்டரின் நடுநிலையை அதன் உடலோடும், மண்ணில் அடித்த கம்பியோடும் பிணைத்துவிட்டு, அதற்குப் பிறகு 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. வைக்க வேண்டும். இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். தவறான இடத்தில் பிணைத்தால் பழைய ஆபத்துக்குப் பதில் புதிய ஆபத்து வரும். பந்தல்காரரிடமோ, பாட்டுப்பெட்டிக்காரரிடமோ ஒப்படைக்கக் கூடியதல்ல இது. கோயில் நிர்வாகங்கள் ஒலிபெருக்கிக்கும் அலங்கார விளக்குக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

பேட்டரி வீடுகளிலும் இதே சிக்கல்தான். தெருவிலிருந்து விலகும்போது, டிரான்ஸ்ஃபார்மரில் இருந்த பிணைப்பும் விலகிவிடுகிறது. இன்வெர்ட்டர் அந்தக் கணத்திலேயே தனக்குள் நடுநிலையை மண்ணோடு சேர்க்க வேண்டும். தெனாகா திரும்பியதும் பிரிக்க வேண்டும். நல்ல கருவிகளில் இதற்கென்று ஒரு ரிலே இருக்கிறது. நிறுவியவர் அதை இயக்கியிருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

யாழ்ப்பாணத்துத் தீவுகளும் சபா மலைகளும்

ஒரு வீட்டிலிருந்து ஓர் ஊருக்குப் போனால் எப்படி? நம்மில் பலருக்கு வேர் உள்ள யாழ்ப்பாணத்தில் இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. எழுவைதீவில் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு சூரிய ஒளி, காற்று, பேட்டரி, டீசல் நான்கும் சேர்ந்த சிறு மின்வலை அமைந்தது. அடுத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சீன நிறுவனத்திடம் தரப்பட்ட திட்டம் 2021இல் நின்றுபோய், இந்தியாவின் 1 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணி பேட்டரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். எந்த நாடு கட்டுவது என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். உப்புக் காற்றில் கம்பி அறுந்து பனந்தோப்பு மணலில் விழுந்தால் அதை எந்த ரிலே கண்டுபிடிக்கும் என்று எழுதியவர்கள் அதிகமில்லை.

அந்த மணல் கவனிக்க வேண்டிய விஷயம். காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் விடாது. உயிரோடிருக்கும் கம்பி அதன் மேல் கிடந்தால் சில ஆம்பியர்தான் பாயும். பெரிய வலைகளுக்கே அதைக் கண்டுபிடிப்பது கடினம். தமிழ்நாட்டில் புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்திவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், டீசல் ஓடும் இரவில் பழுது மின்னோட்டம் ஓரளவு இருக்கும், பேட்டரி மட்டும் ஓடும் நேரத்தில் அது சுருங்கிவிடும். ஒரே அளவில் அமைத்த ரிலே இரவுக்குப் பொருந்தினால் பகலுக்குப் பொருந்தாது. ஓடும் மூலத்துக்கு ஏற்பத் தன் அளவை மாற்றிக்கொள்ளும் ரிலே, கம்பியின் இரு முனையிலும் எண்ணிப் பார்க்கும் ரிலே என்று ஆராய்ச்சிகள் நிறைய நடக்கின்றன. நல்லவைதான். ஆனால் இரு முனையும் பேசிக்கொள்ளத் தொடர்புக் கம்பி வேண்டும், பழுது பார்க்கப் பொறியாளர் வேண்டும், படகு வேண்டும். சில நூறு வீடுகள் உள்ள தீவுக்கு அதைவிட எளிய வழி மேலானது: ஊரைச் சிறு சிறு பிரிவாகப் பிரிப்பது, மின்னோட்டத்தை நம்பாமல் வோல்ட் வீழ்ச்சியை நம்பித் துண்டிப்பது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இ.எல்.சி.பி. வைப்பது.

சபா மலைக் கிராமங்களில் தோனிபுங் போன்ற அமைப்புகள் ஊர் மக்களோடு சேர்ந்து கட்டிய சிறு நீர்மின் நிலையங்கள் இன்னொரு பாடம் சொல்கின்றன. அங்கே பழுதைத் துண்டித்தால் மட்டும் போதாது. சுவிட்சைத் தட்டியதுபோல் ஓடைத் தண்ணீர் நிற்காது. சுமை போனதும் டர்பைன் தறிகெட்டுச் சுழன்று, வோல்ட் ஏறி, பழுதே இல்லாத வீடுகளின் தொலைக்காட்சியை எரித்துவிடும். அதனால் மிச்ச மின்சாரத்தை ஒரு தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கிறார்கள். ஊர்க்காரர்களே பராமரிக்கக் கூடியது. இன்று அந்த ஊர்களில் இஞ்சின்காரரின் இடத்தில் இருப்பவர் அவர்தான்.

செமினிக்குத் திரும்புவோம். பேட்டரி வாங்கும் குடும்பம் விற்பவரிடம் கேட்க வேண்டியது எத்தனை கிலோவாட் என்று மட்டுமல்ல. வேலை முடிந்ததும் மேற்பார்வைக்கும் சோதனைக்கும் உரிய ஜி, எச் பாரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். அதோடு, தெனாகாவின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வீடு பேட்டரியில் ஓடும்போது இ.எல்.சி.பி.யைச் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெட்டியிலுள்ள 'டி' பொத்தானை அழுத்தினால் அது விழத்தான் செய்யும். நடுநிலை மண்ணோடு பிணைக்கப்படாமல் இருந்தாலும் விழும். ஏனென்றால் அந்தப் பொத்தான் தன் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. வாசலோரத்துச் செப்புக் கம்பியைத் தொடுவதே இல்லை. மாதம் ஒரு முறை அதை அழுத்துவது நல்ல பழக்கம்தான், பெட்டி உயிரோடு இருக்கிறது என்று தெரியும். ஆனால் பேட்டரியில் ஓடும் வீட்டில், சுவர் பிளக்கின் நிலத் துளையிலிருந்து சோதிக்கும் கருவியை வயர்மேன் கொண்டு வந்து, அதில் இ.எல்.சி.பி. விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்தக் கருவி வயர்மேனின் பையில் இல்லையென்றால், மீதிப் பணத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டியதில்லை.